நான்கு மைல் வடக்கே

நூற்றாண்டு மலருக்கு இரண்டு பக்கம் கேட்டிருக்கிறார்கள்.
நகர அலுவலகத்து இரும்பு அலமாரியில்
எலி தின்றது போக மிஞ்சிய பதிவேடுகள்,
அவற்றை வைத்துத்தான் எழுத வேண்டும்.

ஊர் முதலில் இங்கே இல்லை.
நான்கு மைல் வடக்கே ஓடைக்கரையில் இருந்தது.
தண்ணீர் அங்கே இருந்தது, ஊரும் அங்கே இருந்தது.
முப்பத்தொரு வீடு, லூத்தரன் தேவாலயம்,
கொல்லுப்பட்டறை, இரண்டு மதுக்கடை.
அவர்களுக்கும் முன்னால் அங்கிருந்தவர்கள் பற்றி
பதிவேட்டில் ஒரு வரி கிடையாது.
உழும்போது அம்புமுனைகள் வரும்,
பையன்கள் புட்டியில் சேர்ப்பார்கள்.

பிறகு சிகாகோ அலுவலகத்தில் ஒருவன்
டகோட்டாவின் மேல் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தான்.
ஓடை வளைந்திருந்தது, கோடு வளையவில்லை.
எட்டு மைலுக்கு ஒரு முளை அடிக்கச் சொல்லி,
எங்கள் முளைக்குத் தன் மச்சினியின் பெயரை வைத்தான்.
ஆர்லீத்தா.
அந்த அம்மாள் கடைசிவரை இந்தப் பக்கம் வரவில்லை.

1906 ஜனவரி. பனி இறுகியதும்
வீடுகளின் அடியில் உத்திரங்களைச் செருகி
நாற்பது குதிரை பூட்டி இழுத்தார்கள்.
வங்கி முதலில் போயிற்று.
(வங்கி என்றால் ஓர் அறை, ஒரு பெட்டகம், ஒஸ்முண்ட் ஸ்குகன்.)
தேவாலயத்தின் மணியைக் கழற்ற மறந்துவிட்டார்கள்.
ஒவ்வொரு மேட்டிலும் அது தானாக அடித்தது,
ஒரு புதன்கிழமை முழுக்க.

கதரீனா ஷெர் அடுப்பை அணைக்க மறுத்தாள்.
மாவு உப்பியிருந்தது, வேறென்ன செய்வாள்?
புகைபோக்கி புகையப் புகைய வீடு நகர்ந்தது.
ஓடைக்கரையில் உள்ளே வைத்த ரொட்டியை
இரண்டாம் மைலில் வெளியே எடுத்து
ஜன்னல் வழியாகக் குதிரைக்காரர்களுக்கு நீட்டினாளாம்.
நம்பலாம்.
கூலிக் கணக்கில் அவள் பெயருக்கு நேரே
ஒரே ஒரு சொல் இருக்கிறது: மெதுவாக.

கல்லறைகளை யாரும் இழுக்கவில்லை.
மண் இரும்பாக இறுகிக் கிடந்தது.
வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.
வசந்தத்தில் கோதுமை விதைக்க வேண்டியிருந்தது.
பதினேழு பேர், அதில் ஒன்பது பேர் குழந்தைகள்,
அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அதன்பின் ஐம்பது ஆண்டு நன்றாகத்தான் போயிற்று.
ஒன்பது நாற்பது வண்டிக்கு முன்
பாதிரியார் ஆமென் சொல்லிவிடுவார்.
தானியக் கிடங்கு நான்கு, பியானோ மூன்று,
பாதரசம் உறைந்த குளிரில் ஒருமுறை ஒரு சர்க்கஸ் யானை,
இறங்க மறுத்து அடுத்த ஊருக்குப் போனது.
1921 மார்ச் சரக்குப் பட்டியலில் இப்படி:
மண்ணெண்ணெய் ஆறு பீப்பாய்.
ஆரஞ்சு ஒரு பெட்டி.
ஆல்வின் ஸ்குகன், பிரான்சிலிருந்து. கூலி செலுத்தியாயிற்று.

தண்டவாளத்தைக் கழற்றியபோது எனக்கு ஒன்பது வயது.
கழற்றியதை எல்லாம் வண்டியில் ஏற்றி
மீதியிருந்த தண்டவாளத்தின் மேலேயே
பின்னோக்கிப் போனார்கள்,
மேலே ஏறியவன் ஏணியைத் தூக்கிக்கொள்வதுபோல.
அன்று மாலை நாய்கள்கூட
வழக்கமான நேரத்துக்குக் குரைத்துவிட்டு
சும்மா நின்றன.

நெடுஞ்சாலை ஆறு மைல் தெற்கே ஓடுகிறது.
1983இல் நகர்மன்றக் கூட்டத்தில் வெர்னன் ஷெர்,
கதரீனாவின் பேரன், எழுந்து கேட்டார்:
இன்னொரு முறை இழுத்தால் என்ன?
நடவடிக்கைக் குறிப்பில் அடைப்புக்குறிக்குள்: சிரிப்பு.
வழிமொழிவார் இல்லை.

இப்போது ஆர்லீத்தாவில் ஐம்பத்தெட்டுப் பேர்.
இங்கே புதுக் கல்லறைத் தோட்டம் போடவே இல்லை.
பிள்ளைகளைத் தனியே விடமாட்டோம் என்று
முதலில் அந்த அம்மாக்கள் திரும்பிப் போனார்கள்,
அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள்.
ஓடைக்கரையில் நானூற்றுச் சொச்சம் பேர்.
தெரு வைத்தால் பெரிய ஊர் அதுதான்.

போன அக்டோபரில் வெர்னனைக் கொண்டுபோனோம்.
சரளைச் சாலை. ஓட்டுநர் வெளியூர்ப் பையன்,
எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று கேட்டான்.
யாரும் பதில் சொல்லவில்லை,
அவனே புரிந்துகொண்டான்.

இதெல்லாம் மலருக்கு ஒத்துவராது.
குதிரைகள் நிற்கும் படம் ஒன்று இருக்கிறது,
அதைப் பெரிதாகப் போடச் சொல்லிவிடுகிறேன்.